கஜலட்சுமிக்காக எடுத்த வண்டி

கட்டுகஸ்தோட்டை,
செவ்வாய்க்கிழமை.

மதிப்புக்குரிய திரு. ராஜலிங்கம் அவர்களுக்கு,

வீ. அழகர் வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. இங்கே நானும் மனைவி கஜலட்சுமியும் மகள் சுகிர்தாவும் சுகம். நாவலப்பிட்டியில் தாங்களும் தங்கள் துணைவியார் ரத்தினம்மா அவர்களும் மகன் யுகேஷும் கதிர்காமக் கந்தன் புண்ணியத்தில் சுகமாக இருப்பீர்கள் என நம்புகிறேன். அங்கே மழை விட்டதா? இங்கே நேற்றுத் தொடங்கியது இன்னும் விடவில்லை. மழையைப் பற்றி மேலும் நாலு வரி எழுதலாம்தான். ஆனால் விஷயத்தைத் தள்ளிப்போடத்தான் மழையைப் பிடித்து இழுக்கிறேன் என்று எனக்கே தெரிவதால் நிறுத்திக்கொள்கிறேன்.

பெண் பார்க்கும் சடங்கெல்லாம் வேண்டாம், பிள்ளைகள் சும்மா சந்தித்துப் பேசட்டும் என்று, போன ஞாயிற்றுக்கிழமை குண்டசாலைக்கு அந்தப் பக்கம் உள்ள விளையாட்டுப் பூங்காவுக்கு இரு வீட்டாரும் போனோம் அல்லவா? அன்று தாங்கள் பார்த்தது பாதிதான். பார்த்த அந்தப் பாதியும் பொய். மாநகர சபையின் பதிவேட்டு அறையில் முப்பத்தொரு வருடம் ஒரு கோப்புக்கூடத் தவறாமல் பார்த்துக்கொண்டவன் நான். ஒரே நாளில் இத்தனை பொய்யை மனதில் வைத்துக்கொண்டு தூங்க முடியவில்லை. ஆகவே முதலிலிருந்து சொல்கிறேன்.

இரண்டு வருடத்துக்கு முன் குளியலறையில் வழுக்கி விழுந்ததில் எனக்கு இடுப்பெலும்பு உடைந்து, உள்ளே தகடு வைத்திருக்கிறார்கள். வீட்டுக்குள் ஊன்றுகோலோடு நடப்பேன். வெளியே நூறு அடி போனால் அடுத்த நூறு அடிக்குக் கதிரை வேண்டும். போன வருடம் சுகிர்தாவைப் பார்க்க வந்த ஒரு குடும்பம் பெண்ணைப் பார்த்ததைவிட என் ஊன்றுகோலைத்தான் அதிகம் பார்த்தது. "ஒரே பிள்ளையா? அப்ப அப்பாவ யாரு பாத்துக்குவாங்க?" என்று கேட்டுவிட்டுப் போனவர்கள் அப்புறம் போனைக்கூட எடுக்கவில்லை. சுகிர்தா அடுத்த நாள் வழக்கம்போலப் பள்ளிக்கூடத்துக்குப் படிப்பிக்கப் போய்விட்டாள். எனக்குத்தான் ஒரு மாதம் சோறு இறங்கவில்லை. ஆகவே இந்த முறை ஊன்றுகோலை அலுமாரிக்குள் வைத்துப் பூட்டிவிட்டு வந்தேன்.

என் திட்டம் இதுதான். வாசலில் நடக்க முடியாதவர்களுக்கு உட்கார்ந்து ஓட்டும் பெட்டரி வண்டி வாடகைக்குக் கொடுக்கிறார்கள். நீங்கள் வருவது பதினொரு மணிக்கு. நான் பத்து மணிக்கே வண்டியில் ஏறி மேட்டிலுள்ள உணவகத்துக்குப் போய், வண்டியைத் திருப்பி அனுப்பிவிட்டு, கதிரையில் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருப்பேன். நாள் முழுக்க எழுந்திருக்கவே மாட்டேன். நீங்களும் இது ஒரு கம்பீரமான மனிதர் என்று நினைத்துக்கொண்டு வீட்டுக்குப் போவீர்கள்.

வண்டிக்குப் பொறுப்பாக ரிஸ்மி என்று ஒருவர் இருந்தார். நல்ல மனிதர். "பயப்பட வேணாம் சேர். வலது பிடிய அமத்தினா முன்னுக்குப் போகும், இடது பிடிய அமத்தினா பின்னுக்குப் போகும், உட்டா நிக்கும். அவ்வளவுதான்" என்றார். வேகத்தைக் கூட்டிக் குறைக்க ஒரு திருகு. அதன் ஒரு முனையில் ஆமைப் படம், மறு முனையில் முயல் படம். வண்டிக்குப் பின்னால் ஆளுயரக் கம்பி ஒன்று, அதன் உச்சியில் செம்மஞ்சள் கொடி. "இது எதுக்கு?" என்று கேட்டேன். "காணாமப் போனா கண்டுபுடிக்க" என்றார். கஜலட்சுமியையும் சுகிர்தாவையும் முன்னால் அனுப்பிவிட்டு நான் ஆமையில் கிளம்பினேன். ரிஸ்மி சொன்னதில் ஒரே ஒரு சிக்கல்தான். பயந்துபோன மனிதன் பிடியை விடமாட்டான், இறுக்கித்தான் பிடிப்பான். இறுக்கினால் அது ஓடும். ஓடினால் இன்னும் பயம் வரும். இப்படியே ஐஸ்கிறீம் கடையை மூன்று தரம் சுற்றி வந்தேன். கடைக்காரப் பெண் முதல் தரம் என்ன வேண்டுமென்று கேட்டாள், இரண்டாம் தரம் சிரித்தாள், மூன்றாம் தரம் பெட்டிகளை உள்ளே எடுத்து வைத்துவிட்டாள்.

ஒருவழியாகப் பாதைக்கு வந்து மேட்டில் ஏறினால், உணவகத்து வாசலில் நீங்கள் மூவரும் நிற்கிறீர்கள். பத்தே முக்கால்தான் ஆகியிருந்தது. எனக்குக் கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை, வண்டி மட்டும் ஓடியது. அப்படியே பக்கத்திலிருந்த செடிப் பற்றைக்குள் விட்டு, அரைவட்டம் அடித்துப் பாதையைப் பார்க்க நிறுத்தினேன். நீங்கள் உள்ளே போனதும் திரும்பிவிடலாம் என்று குனிந்து உட்கார்ந்திருந்தேன். அந்தப் பற்றைக்கு மறுபக்கம்தான் உணவகத்தின் வெளி மேசை என்றும், நீங்கள் காற்றோட்டமாக அதில்தான் உட்காருவீர்கள் என்றும் எனக்கு எப்படித் தெரியும்? "அப்பா எங்கம்மா?" என்று தாங்கள் கேட்டதும், "வந்துக்கிட்டிருக்காரு அங்கிள்" என்று சுகிர்தா சொன்னதும் காதில் விழுந்தது. அடுத்து ரத்தினம்மா அவர்கள், "அந்தப் பத்தைக்கு மேல என்னமோ கொடி ஆடுதே" என்றார்கள். இனி முன்னால் ஓடித் தப்பினால்தான் உண்டு என்று ஒரு பிடியை அமத்தினேன். அது இடது பிடி. வண்டி பீப் பீப் என்று கத்திக்கொண்டு பின்பக்கமாகப் பற்றையைப் பிய்த்துக்கொண்டு வந்து, உங்கள் மேசையில் முட்டி நின்றது. என் முதுகைத்தான் நீங்கள் முதலில் பார்த்தீர்கள். தலையில் இலை இருந்ததைப் பிறகு சுகிர்தாதான் எடுத்துவிட்டாள்.

தாங்கள் எழுந்து, "வாங்க, வாங்க, நேரத்துக்கு வந்துட்டீங்க" என்றீர்கள். அந்த மரியாதைக்காவது உண்மையைச் சொல்லியிருக்கலாம். என் வாயிலிருந்து வந்ததோ, "இது கஜலட்சுமிக்காக எடுத்தது. அவங்களுக்கு முழங்கால் சரியில்ல. நான் சும்மா ஓட்டிப் பாத்தேன்."

அந்த நேரம் பார்த்து கஜலட்சுமி ஆறு ப்ளேன்டீயைத் தட்டில் ஏந்திக்கொண்டு இரண்டிரண்டு படியாக ஏறி வந்தாள். தட்டை வைத்தாள். என்னை ஒரு பார்வை பார்த்தாள். பிறகு மெதுவாக இடது முழங்காலைப் பிடித்துக்கொண்டு, "ஆமாக்கா, ஒரே கொடைச்சல்" என்றாள். மத்தியானத்துக்குப் பிறகு அது வலது முழங்காலாக மாறியதைக் கவனித்திருப்பீர்கள்.

"அப்ப நீங்க அதுலேயே உக்காருங்க தங்கச்சி, நாங்க நடக்கிறோம்" என்று ரத்தினம்மா அவர்கள் சொல்லிவிட்டார்கள். தாங்களும் என் தோளில் கை போட்டு, "நாம ரெண்டு பேரும் பேசிக்கிட்டே நடப்போம்" என்றீர்கள். பூந்தோட்டம், தொங்குபாலம், பறவைக் கூடம், அதற்கு மேலே நூற்றுப் பதினான்கு படி. படியை எண்ணினேன், வேறு எதையும் நினைக்காமலிருக்க. "கொஞ்சம் இருப்போமா?" என்று தாங்கள் கேட்கக் கேட்க, "எனக்கு நடைன்னா உயிரு, தினமும் காலையில எங்க ஊருப் பாலம் வரைக்கும் போயிட்டு வருவேன்" என்றேன். அதுவும் பொய். பேப்பர் எடுக்க கேட் வரைக்கும் போவேன். கஜலட்சுமியோ திருகை முயலுக்கு வைத்துக்கொண்டு, கொடி பறக்க, எங்களைச் சுற்றிச் சுற்றி வந்தாள். அவள் அப்படி வாய்விட்டுச் சிரித்து நான் பார்த்து எத்தனையோ வருடம். நான் விழுந்த நாளிலிருந்து அவள் எங்கும் வெளியே போகவில்லை என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. தொங்குபாலத்துக் கம்பியைப் பிடித்து நின்றபடி அதைக் கொஞ்ச நேரம் பார்த்தேன். வலியை மறந்தேன் என்று எழுத ஆசைதான், ஆனால் மறக்கவில்லை.

மூன்று மணிக்கு என்னால் முடியவில்லை. கண்ணில் பட்டது குழந்தைகளின் குட்டி ரயில்தான். "சின்ன வயசிலேயிருந்து ஒரு ஆசை" என்று சொல்லி அதில் ஏறி உட்கார்ந்துவிட்டேன். முழங்கால் தாடையில் இடிக்க, ஐந்து வயதுப் பிள்ளைகள் நடுவே நாலு சுற்றுப் போனேன். ஆசையால் நாலு சுற்றுப் போகவில்லை ஐயா, எழுந்திருக்க முடியவில்லை. கடைசியில் உங்கள் யுகேஷ் வந்து, ஒன்றும் கேட்காமல், கக்கத்தில் கை கொடுத்துத் தூக்கி நிறுத்தினார். வேன் வரைக்கும் என் முழங்கையை விடவில்லை. "தரை வழுக்குது அங்கிள், விழுந்துருவேன் போல இருக்கு. என்னக் கொஞ்சம் புடிச்சுக்கங்க" என்றார். தரை காய்ந்து கிடந்தது.

அதனால்தான் இதை எழுதுகிறேன். என்னைத் தாங்கிக்கொண்டே, நான் அவரைத் தாங்குவதாகச் சொன்ன பிள்ளையிடம் என்னால் பொய் சொல்ல முடியாது. எனக்கு இடுப்பு சரியில்லை. இனிச் சரியாகவும் ஆகாது. கஜலட்சுமிக்கு இரண்டு முழங்காலும் இரும்பு. பொய் சொன்னது நான். சுகிர்தாவுக்கும் அதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. வேண்டாமென்று தாங்கள் முடிவெடுத்தால் அது என்னை வேண்டாமென்றதாக இருக்கட்டும், அவளை அல்ல. அவளுக்கு யுகேஷைப் பிடித்திருக்கிறது. கேட்காமலே தெரிகிறது, இரண்டு நாளாகச் சோற்றில் உப்பில்லை.

ரத்தினம்மா அவர்களுக்கு என் வணக்கம். யுகேஷுக்கு என் ஆசி, எங்கே பெண் எடுத்தாலும்.

இப்படிக்கு,
தங்கள் மன்னிப்பை வேண்டும்,
வீ. அழகர்

பி.கு.: உறையில் போடுமுன் கஜலட்சுமி இதை எடுத்து வாசித்துவிட்டாள். வாசித்தவள் கதிரையைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறாள். "ஒங்க இடுப்பப் பத்தி ரத்தினம்மா அக்காகிட்ட ஆவணி மாசமே போன்ல சொல்லிட்டேன்" என்கிறாள். "அப்ப எதுக்கு என்ன அந்த நட நடக்க உட்டீங்க?" என்று கேட்டேன். எப்போது நான் ஒத்துக்கொள்வேன் என்று எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்களாம். கஜலட்சுமி பன்னிரண்டு மணி என்றாளாம். ரத்தினம்மா அவர்கள் நூற்றுப் பதினான்கு படி என்றார்களாம். என் மகளும் சேர்ந்துகொண்டு பறவைக் கூடம் என்றாளாம். தாங்கள் மட்டும், "அந்த மனுசன் வாயால சொல்ல மாட்டாரு, வீட்டுக்குப் போயி கடிதம்தான் எழுதுவாரு" என்றீர்களாம். தை பத்தாம் திகதி நிச்சயதார்த்தம் என்று பெண்கள் நேற்றே பேசி முடித்துவிட்டார்களாம், எனக்குச் சொல்ல மறந்துபோனதாம். ஆகவே மேலே எழுதிய எதற்கும் அவசியமில்லை என்று கடிதத்தைக் கிழிக்கப் போனேன். கஜலட்சுமி பிடுங்கிக்கொண்டாள். நீங்கள் சொன்னதுதான் சரி என்பதற்கு அத்தாட்சியாக இது நாவலப்பிட்டிக்கு வந்தே ஆகவேண்டுமாம்.