மாமனாரிடம் நான் ஜெயித்த ஆட்டங்கள்

கணக்கில் கெட்டிக்காரனாக இருப்பது ஒரு வியாதி. அதில் பட்டமும் வாங்கிவிட்டால் வைத்தியமே கிடையாது. அந்த நிலைமையில்தான், பெட்ரோலுக்குப் பதில் கரியில் ஓடிய யுத்த காலத்து பஸ்ஸில் (பாதி வழி நாங்கள்தான் தள்ளினோம்) அப்பாவுடன் பொன்னமராவதிக்குப் பெண் பார்க்கப் போனேன்.

மீனாட்சி ஒரு தடவை நிமிர்ந்து சிரித்தாள். இவள் இல்லையென்றால் சந்நியாசம் என்று முடிவு செய்துவிட்டேன். ஆனால் ஜவுளிக்கடை வைத்திருந்த அவள் அப்பா பிடி கொடுக்கவில்லை. "சாப்பிட்டுப் பேசுவோம் தம்பி. அதுக்கு முந்தி ஆடுபுலி ஆடுவமா?" என்று தரையில் கோடு போட்டார்.

நான் புலி, அவர் ஆடு. மூன்று ஆட்டத்திலும் என் புலிகள் வயிறு முட்டத் தின்றன. என் மூளை நிகழ்தகவில் இறங்கியது. இவர் சூரராக இருந்தால் என்னிடம் வரிசையாகத் தோற்பது அபூர்வம். கத்துக்குட்டியாக இருந்தால் சர்வ சாதாரணம். தோற்றுவிட்டார். ஆகவே கத்துக்குட்டி!

"அடுத்த ஆட்டத்துல நான் ஜெயிச்சா பொண்ணக் குடுங்க. தோத்தா கேக்கவே மாட்டேன்" என்றேன். (சத்தியமாக நான்தான்.) அப்பா காபி டம்ளரைக் கீழே வைத்துவிட்டார்.

"விருந்தாளியோட பந்தயம் கட்டுறது வழக்கமில்லீங்களே."

"என்னங்க விருந்தாளி! வீட்டுப் பிள்ளையா நெனச்சு ஆடுங்க."

"அப்படியா? சரி."

அந்த ஆட்டத்தில் ஓர் ஆடுகூடச் சாகவில்லை. என் புலிகள் மூன்றும் அசைய வழியின்றி அடைபட்டு, என்னைப் போலவே விழித்தன.

"கிறுக்கா! இவுக வீட்டுல விருந்தாளிய யாருடா ஜெயிப்பாக? மரியாதைக்குத் தோத்தாருடா!" என்று அப்பா பல்லைக் கடித்தார். என் கணக்கில் விட்டுப்போன நிபந்தனை அது. குடையை எடுத்துக்கொண்டு எழுந்தேன்.

"எங்கிட்டுப் போறீங்க? எலை போட்டாச்சு" என்றார் ஜவுளிக்கடைக்காரர்.

"பொண்ணு கேக்க மாட்டேன்னு சொல்லிட்டேனே."

"நீங்க கேக்க வேணாம். நாங்க மாப்பிள்ளை கேக்குறோம். ஜெயிக்கிறப்ப ஒங்களப் பிடிக்கல தம்பி. தோத்துட்டு, மறுபேச்சில்லாம எந்திரிச்சீங்க பாருங்க, அப்பத்தான் பிடிச்சுது."

அந்தத் தோல்விக்கு நான் பட்ட நன்றிக்கடன் இன்னும் தீரவில்லை. கல்யாணத்துக்குப் பிறகு பொங்கல்தோறும் போய் மாமாவிடம் மனம் நிறையத் தோற்றுவிட்டு வருவேன். ஒரே ஒரு வருஷம் ஜெயிக்க ஆரம்பித்தேன். மீனாட்சியோடு சண்டை போட்டு முறுக்கிக்கொண்டு போயிருந்த வருஷம். அவருடைய ஆடுகள் ஒவ்வொன்றாகச் சாகச் சாக, மாமா என்னை மறுபடி விருந்தாளியாக்கிவிட்டார் என்று புரிந்தது. பாதி ஆட்டத்தில் எழுந்து உள்ளே ஓடிப்போய் அவளிடம் மன்னிப்புக் கேட்டேன்.

இப்போதும் வீட்டில் ஏதாவது வாக்குவாதத்தில் நான் ஜெயித்துத் தொலைத்தால், மீனாட்சி ஆளில்லாத சமையலறையைப் பார்த்துக் குரல் கொடுப்பாள்:

"விருந்தாளி வந்திருக்காக, எலை போடுங்க!"