பிரேக் நாளில் விழுந்தவள் எழுதுவது

மரியாதைக்குரிய அண்ணன் மாரிச்செல்வம் அவர்களுக்கு, கொச்சி கொச்சங்காடியில் குடியிருக்கும் தங்கை வசந்தி வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. இங்கு நான் இடது கால் நீங்கலாக நலம். அங்கு தாங்களும் மதினியும் மருமகன் இசக்கிராஜாவும் முழு உடம்போடு நலமாயிருக்க அம்மன் துணை நிற்கட்டும்.

தாங்கள் போனில் விடாமல் கேட்டு வரும் விஷயத்துக்குப் பதில் எழுதுகிறேன். நான் வேலை பார்க்கும் சர்க்கார் ஆஸ்பத்திரியில் இசக்கிராஜாவையும் சேர்த்துவிட முடியுமா என்று கேட்டீர்கள். முடியாது. முடிந்தாலும் சேர்க்க மாட்டேன். போன்ல சொன்னா நீங்க ஸ்பீக்கர்ல போட்டுடுவீங்க, தெருவே கேக்கும், அதனாலதான் படுத்த வாக்குல எழுதுதேன். ஆஸ்பத்திரி பேரை எழுதலை. எழுதினது வெளியில தெரிஞ்சா ஆபீஸ்ல அதுக்கும் ஒரு விளக்கம் கேப்பாங்க.

ஊர் பூரா தங்கச்சி கேரளா கவர்மெண்ட்டுல இருக்கான்னு சொல்லி வெச்சிருக்கீங்க. இருக்கேன் அண்ணே, எப்படி இருக்கேன்னுதான் நீங்க கேட்டதில்லை. நான் தற்காலிக அட்டெண்டர். ஸ்ட்ரெச்சர் தள்ளணும், ஆக்சிஜன் சிலிண்டர் தூக்கணும், வாந்தி எடுத்தா வாளியோட ஓடணும். பதினாலு வருஷமா தற்காலிகம். ஆறு மாசம் நிறையறதுக்குள்ள வேலையை விட்டு நிறுத்திடுவாங்க. ஒரு நாள் வீட்ல இருக்கணும், அதுக்குப் பேரு பிரேக். மறுநாள் உடம்பு நல்லாருக்குன்னு டாக்டர்கிட்ட ஃபிட்னஸ் சர்ட்டிபிகேட் வாங்கிக் கொடுத்து, ஆஸ்பத்திரி வாசலையே பார்க்காதவ மாதிரி புதுசா சேரணும். ஏன்னா விடாம வேலை பார்த்தவங்களுக்கு நிரந்தரம் கேக்க உரிமை உண்டுன்னு எங்க வக்கீல் சொன்னார். அந்த உரிமை வந்துடக் கூடாதுன்னுதான் நடுவுல ஒரு நாளை வெட்டி விடுதாங்க.

முதல் பிரேக் அன்னிக்கு இதெல்லாம் எனக்குத் தெரியாது. நிஜமாவே அனுப்பிட்டாங்கன்னு நினைச்சு வார்டு நடுவுல உக்காந்து அழுதேன். பாவம்னு எல்லாரும் காசு போட்டு ஒரு சுவர்க் கடிகாரம் வாங்கிக் கொடுத்து, பழம்பொரியும் சாயாவும் வெச்சு வழியனுப்பினாங்க. மறுநாள் காலைல நான் போய் அங்கயே நிக்கேன். கொடுத்ததைத் திருப்பிக் கேக்க அவங்களுக்குக் கூச்சம், வெச்சுக்கிட எனக்குக் கூச்சம். கடைசியில அடுத்து யாருக்குப் பிரேக் வந்துதோ அவங்ககிட்ட அதைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். இப்ப யாருக்குப் பிரேக்கோ அவங்க வீட்டுக்கு அந்தக் கடிகாரம் ஒரு நாள் போயிட்டு வருது. கொரோனா சமயத்துல பொட்டலமா கட்டின உடம்புகளை நானும் இன்னொரு தற்காலிகமும்தான் வண்டியில ஏத்தினோம். மேடை போட்டு எங்களுக்குப் பொன்னாடை போத்தினாங்க. போத்தின வாரமே பிரேக்கும் கொடுத்தாங்க.

இப்ப கால் விஷயத்துக்கு வாறேன். முந்தாநாள் எனக்குப் பிரேக். வீட்ல மத்தி மீன் கழுவிக்கிட்டிருந்தேன். வார்டு சிஸ்டர் லோகாம்பாள் போன் பண்ணினாங்க, பாலக்காட்டுத் தமிழ்க்காரங்க, நல்ல மனுஷிதான். "வசந்தி, லிஃப்ட் கேடாயிடுத்து, மேல சிலிண்டர் கொண்டுபோக ஆளில்லை. ஒரு கை குடுத்துட்டுப் போயேன். கையெழுத்து ஒண்ணும் போட வேண்டாம், கேட்டியா. யூனிஃபார்மும் வேண்டாம், யாராவது பார்த்தா எனக்குப் பிரச்சினை"ன்னாங்க. மேல மூச்சுக்குத் திணறுறவங்க இருக்காங்கன்னா போகாம என்ன செய்ய? மீனை அப்படியே மூடி வெச்சிட்டுப் போனேன். கேட்டுல செக்யூரிட்டி இஸ்மாயில் மறிக்கான். "சேச்சி, இன்னைக்கு நீங்க ஸ்டாஃப் இல்லை, பாஸ் எடுக்கணும்"ங்கான். அவனும் தற்காலிகம்தான், அவனுக்கு அடுத்த வாரம் பிரேக். அவன்கிட்ட சண்டை போட்டு என்ன ஆகப்போகுது? நான் வேலை பார்க்கிற இடத்துக்கு நானே காசு கொடுத்துப் பாஸ் எடுத்து, பார்வையாளரா உள்ள போய், சிலிண்டரைத் தூக்கித் தோள்ல வெச்சேன்.

மாடிக்குப் போற சரிவுப் பாதையில தண்ணி கிடந்திருக்கு. நானும் சிலிண்டரும் சேர்ந்து உருண்டோம். ஓடி வந்தவங்க முதல்ல சிலிண்டரைத்தான் பார்த்தாங்க, அதுக்கு ஒண்ணும் ஆகலை. எனக்குக் கால் ரெண்டு இடத்துல முறிஞ்சுபோச்சு. அப்ப ஆபீஸ் கிளார்க் ஹரிநாராயணன் சார் வந்தார். ரொம்ப மரியாதையான ஆளு, குனிஞ்சு உக்காந்துதான் பேசினார். "சேச்சி, இன்னைக்கு நீங்க இவிட ஜோலிக்கு இல்லல்லோ. இல்லாத ஆளுக்கு டியூட்டியில அடிபட்டதுன்னு எப்படி எழுதுறது?"ன்னார். நோயாளியைப் பார்க்க வந்தவர் கவனக்குறைவால் விழுந்தார்னு எழுதிக்கிட்டார். எந்த நோயாளியைப் பார்க்க வந்தேன்னு கேட்டேன். அதையும் நீங்களே சொல்லிடுங்க சேச்சின்னார்.

நஷ்ட ஈடு போனாப் போகட்டும் அண்ணே. மறுநாள் சேரணுமே, அதுதான் எனக்கு உயிர் போற கவலை. நிரந்தரம் கேட்டு அந்த வக்கீலை வெச்சு நாங்க ஒரு கூட்டமா மனு போட்டிருக்கோம். பிரேக் முடிஞ்ச மறுநாளே சேர்ந்தவங்க பேரு மட்டும்தான் அதுல நிக்கும், இல்லேன்னா பதினாலு வருஷமும் குப்பையில. அதனால நேத்துக் காலைல மாவுக்கட்டோட ஸ்ட்ரெச்சர்ல படுத்துக்கிட்டு ஆபீஸுக்குத் தள்ளச் சொன்னேன். அதே ஹரிநாராயணன் சார். எழுந்து நின்னு வணக்கம் சொன்னார், ஃபிட்னஸ் சர்ட்டிபிகேட் எங்கேன்னு கேட்டார். திருப்பித் தள்ளிக்கிட்டு டாக்டர் அனந்தலக்ஷ்மிகிட்ட போனோம். எனக்குக் கட்டுப் போட்டதே அந்தப் பொண்ணுதான். வேலை பார்க்கத் தகுதியா இருக்கேன்னு ஒரு கையெழுத்துப் போடும்மான்னு கெஞ்சினேன். முதல்ல சிரிச்சுது, அப்புறம் கண்ணைத் தொடைச்சுக்கிட்டுது. "நான் போட்ட கட்டை இல்லைன்னு நானே எப்படி சேச்சி எழுதுவேன்?"னு கேட்டுது. அதுவும் நியாயம்தான். எல்லாரும் நியாயமாத்தான் இருக்காங்க அண்ணே, அதுதான் எனக்கு வயித்தெரிச்சல். ஒருத்தராவது அக்கிரமம் பண்ணினா மண்ணை வாரித் தூத்திட்டாவது படுப்பேன்.

ஆக, இசக்கிராஜாவை அனுப்பாதீங்க. கொச்சிக்கே வந்தாலும் அவன் இடப்பள்ளிப் பக்கம் ஏதாவது கடையில மூட்டை தூக்கட்டும், ஹோட்டல்ல பாத்திரம் கழுவட்டும், அங்க வேலை போனா போச்சுன்னாவது தெரியும். இது இருக்கிற மாதிரியே இருந்து ஆளைத் தின்னுடும். நான் உயிரோட இருக்கிற வரைக்கும் என் அண்ணன் மகனை இதுக்குள்ள விட மாட்டேன், இது சத்தியம்.

மதினிக்கு என் வணக்கத்தையும், மருமகனுக்கு ஆசிகளையும் சொல்லவும். தாங்கள் சர்க்கரை மாத்திரையை விடாமல் போடவும். தங்கள் குடும்பத்துக்கு ஒரு குறையும் வராமல் அம்மன் பார்த்துக்கொள்வாள்.

இப்படிக்கு,
தங்கள் அன்புத் தங்கை,
வசந்தி.

பின்குறிப்பு: மேலே எழுதி முடிச்சு மடிச்சு வெச்சப்புறம் ஹரிநாராயணன் சார் ஆரஞ்சுப் பழத்தோட என் ஆஸ்பத்திரிக் கட்டில்கிட்ட வந்தார். என் இடத்தைக் காலியா வெச்சிருக்க முடியாதாம், திங்கட்கிழமைக்குள்ள ஆளைப் போட்டுடுவாங்களாம். வெளியாள் வந்தா அப்புறம் அசைய மாட்டான், உங்க சொந்தக்காரங்க யாராவது வந்து இருந்தா, கால் சரியானதும் உங்களுக்கு விட்டுக் கொடுத்துடுவாங்கல்லோன்னு சொன்னார். பழைய வருஷமெல்லாம் சேருமான்னு கேட்டேன். அதைப் பிறகு பார்க்கலாம் சேச்சின்னு சொல்லிட்டு ஒரு பழத்தை உரிச்சுக் கொடுத்தார். அண்ணே, இசக்கிராஜாவை இன்னைக்கு ரயிலுக்கே ஏத்தி விடுங்க. தபால்ல போட்டா நாளாகும்னு என் மகள் கற்பகத்தை போட்டோ எடுத்து வாட்ஸப்ல அனுப்பச் சொல்லியிருக்கேன். அவளுக்கு மலையாளம்தான் வாசிக்க வரும், நல்லதாப் போச்சு. மேல எழுதினதை இசக்கிராஜாவுக்குக் காட்ட வேண்டாம். கேட்டான்னா, நல்ல வேலைன்னு அத்தை எழுதியிருக்கான்னு சொல்லுங்க.