காலை நீட்டிப் போகும் வண்டி

வண்டி நின்று வெகுநேரம் ஆகிவிட்டது. யூஜினால்தான் அதிலிருந்து நிமிர முடியவில்லை.

முத்தியால்பேட்டையில் தன் வீட்டு வாசலில், ரேஸ் பைக்கின் டாங்க் மேல் நெஞ்சைச் சாய்த்து, தாழ்வான ஹேண்டில்பாரை இரண்டு கையாலும் பிடித்தபடி, காலாப்பட்டில் கிளம்பும்போது எப்படிக் குனிந்தானோ அப்படியே கிடந்தான். இடுப்புக்கு மேலே யாரோ ஆணி அடித்த மாதிரி இருந்தது. மாடியிலிருந்து மனைவி பெர்னதெத் எட்டிப் பார்த்தாள்.

"என்னாங்க, இறங்கலையா?"

"செயின்ல ஏதோ சத்தம். பாத்துக்கினு இருக்கேன்."

"செயின் பின்னாடி இல்ல இருக்கு? நீங்க முன்னாடி பாக்கறீங்க."

"முன்னாடிலேர்ந்து கேட்டாதான் பின்னாடி சத்தம் தெரியும்."

அவள் உள்ளே போனதும் கேட்டுக் கம்பியைப் பிடித்து, முக்கி முனகி, ஒருவழியாக மனித உருவத்துக்கு வந்தான்.

யூஜினுக்கு வயது நாற்பத்து மூன்று. காலாப்பட்டில் ஓர் அலுவலகத்தில் வேலை. இதுவரை மூன்று ரேஸ் பைக் வைத்திருந்தவன். இரண்டாவது பைக்கில் ஈ.சி.ஆர். மணலில் சறுக்கித் தோள்பட்டை நழுவியபோது, ஆஸ்பத்திரிக் கட்டிலிலேயே பெர்னதெத் அவன் கையில் ஜெபமாலையை வைத்துச் சத்தியம் கேட்டாள். இனிமேல் புது பைக் வாங்குவதில்லை என்று அவனும் அழுதுகொண்டே சத்தியம் செய்தான். தோள் ஆறியதும் சத்தியமும் ஆறிவிட்டது. மூன்றாவது பைக் வந்தது. அன்றைக்குப் பெட்டியைக் கட்டிக்கொண்டு காரைக்காலுக்கு அண்ணன் வீட்டுக்குப் போனவளை அழைத்து வருவதற்குள் யூஜினுக்குப் போதும் போதும் என்றாகிவிட்டது.

"இன்னொரு பைக்கு இந்த வாசலுக்கு வந்துச்சு, நான் போனா திரும்ப மாட்டேன்" என்று சொல்லிவிட்டுத்தான் அவள் பெட்டியை இறக்கி வைத்தாள். பெர்னதெத் சொன்னால் செய்கிறவள்.

இப்போது எலும்பு டாக்டர் வேறு ஒன்று சொல்லியிருந்தார்.

"இந்தக் குனிஞ்ச வண்டிய இப்படியே ஓட்டினீங்கன்னா, முதுகு இன்னும் ஆறு மாசம்தான் தாங்கும். மருந்துல சரியாகாது. வண்டிய மாத்துங்க. ஸ்கூட்டர் வாங்குங்களேன்."

ஸ்கூட்டர் என்ற சொல்லைக் கேட்டதும் யூஜினுக்கு முதுகைவிட மனசு அதிகமாக வலித்தது. இன்னொரு டாக்டரைப் போய்ப் பார்த்தான். அவரும் ஸ்கூட்டர் என்றார்.

கடைசியில் வழி காட்டியவன் மெக்கானிக் பக்கிரிதான். "க்ரூஸர் எடுங்க சார். ஹேண்டில் ஒசரம், சீட்டு பள்ளம். நாற்காலில ஒக்காந்தாப்ல போவலாம்" என்று ஒருவருடைய வண்டியை வாங்கி ஓட்டிப் பார்க்கவும் கொடுத்தான்.

யூஜின் அதில் காலாப்பட்டு வரை போய் வந்தான். போகும்போது ஒரு டவுன் பஸ் அவனை முந்தியது. இருபது வருஷத்தில் அவனை முந்திய முதல் பஸ் அதுதான். முத்தியால்பேட்டைச் சந்தில் திருப்பும்போது வண்டியின் நீளம் ஒரு தயிர்க்கூடையைத் தொட்டுவிட்டது, கூடைக்காரி அவனுடைய முன்னோர்களைப் பெயர் சொல்லி விசாரித்தாள். தினமும் ஓட்ட இது தோதுப்படுமா என்று யோசித்துக்கொண்டேதான் பக்கிரியின் கடை வாசலில் இறங்கினான். இறங்கியவன் நிமிர்ந்து நடந்தான். வலியே இல்லை. அந்தக் கணமே பஸ்ஸையும் தயிர்க்காரியையும் மன்னித்துவிட்டான்.

மனசு கிடந்து அடித்துக்கொண்டது. வாங்கினால் மனைவி போவாள், வாங்காவிட்டால் முதுகு போகும். ஒரு வாரம் யோசித்து, வண்டி வாசலுக்கு வந்த பிறகு காலில் விழுந்துகொள்ளலாம் என்று முடிவு செய்தான். பக்கிரியின் நாக்கில் க்ரூஸர் தேய்ந்து தேய்ந்து 'குருசு' ஆகியிருந்தது. பேசிப் பேசி யூஜினுக்கும் அதுவே ஒட்டிக்கொண்டது.

சனிக்கிழமை சாயங்காலம் மொட்டை மாடிக்குப் போய், தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் நின்று செல்போனில் பேசினான்.

"பக்கிரி, முடிவு பண்ணிட்டேன். குருசுதான். டாக்டருங்க ரெண்டு பேரும் கைய விரிச்சுட்டாங்க. வலி தாங்கல. கறுப்பா, நீளமா, கொஞ்சம் சாஞ்சாப்ல ஒண்ணு பாத்து வை. இருபது வருஷம் குனிஞ்சு குனிஞ்சு அலைஞ்சது போதும், இனிமே காலை நீட்டிக்கினு நிம்மதியா போறேன். எங்க வீட்டுல மட்டும் தெரியக் கூடாது. வந்தப்புறம் தெரிஞ்சுக்கட்டும்."

போனை அணைத்துத் திரும்பினான். கொடிக்கயிற்றுக்குக் கீழே ஈரத்துணிக் கூடை நின்றது. கூடையைக் கொண்டுவந்தவளைக் காணவில்லை.

எதுவரை கேட்டிருப்பாள்?

கீழே இறங்கியபோது பெர்னதெத் அடுப்படியில் முதுகைக் காட்டி நின்றாள். திட்டவில்லை. பெட்டி கட்டவில்லை. தேங்காய்த்திட்டுத் துறைமுகத்திலிருந்து வந்த வஞ்சிரத்தில் நடுத்துண்டு இரண்டையும் அவன் தட்டில் வைத்தாள். கல்யாணமான நாளிலிருந்து நடுத்துண்டு அவளுக்கு, வால் அவனுக்கு என்பது அந்த வீட்டின் சட்டம். யூஜின் மீனைத் தொட்டுப் பார்த்தான்.

"முள்ளு எடுத்துத் தரட்டுமா?" என்றாள்.

"வேணாம்."

"ஃபிரிட்ஜுல பீர் வாங்கி வச்சிருக்கேன். ஆசையா இருந்தா குடிங்க."

அவனுக்கு வேர்த்துவிட்டது. பாண்டிச்சேரியில் பிறந்து, வீட்டில் பீர் பாட்டில் வைக்க விடாத ஒரே பெண்பிள்ளை அவள்தான். இது புயலுக்கு முந்தின அமைதி என்று நினைத்தான். நாளைக்குக் கரை கடக்கும்.

அதைத் தடுக்க ஒரே வழி முந்திக்கொண்டு நல்லவனாகிவிடுவது. ஞாயிற்றுக்கிழமை காலை எழுப்பாமலே எழுந்து பூசைக்கு வந்தான். பல வருஷம் கழித்து, சின்னச் சின்னப் பாவங்களாகச் சொல்லிப் பாவசங்கீர்த்தனம் செய்தான். திரும்பும் வழியில் மல்லிகைப்பூ வாங்கிக் கொடுத்து, "உன்ன நான் ரொம்பக் கஷ்டப்படுத்திட்டேன் பெர்னா, மன்னிச்சுடு" என்றான். அவள் பூவை முகத்தில் வைத்துக்கொண்டு நடுத்தெருவில் அழுதாள். யூஜினுக்குப் பயம் இன்னும் ஏறியது. மன்னிக்கிறவள் இப்படி அழ மாட்டாள்.

மத்தியானம் காரைக்காலிலிருந்து அவள் அண்ணன் ஜோசப் ஆனந்த் வந்து இறங்கினார். பிரெஞ்சுப் பாடம் நடத்தும் வாத்தியார். மூன்றாவது பைக் விவகாரத்தில் யூஜினோடு பேச்சை நிறுத்தியவர். கையில் பெட்டி வேறு.

ஆயிற்று, அழைத்துப் போகத்தான் வந்திருக்கிறார் என்று யூஜின் எழுந்து நின்றான். ஜோசப் ஆனந்த் நேராக வந்து அவனைக் கட்டிக்கொண்டார்.

"கூராழ் மச்சான், கூராழ்" என்றார். தைரியமாக இரு என்பதை அவர் பிரெஞ்சில்தான் சொல்வார்.

"உங்களுக்கும் தெரிஞ்சு போச்சா?"

"தங்கச்சி போன்ல சொன்னா. பேச முடியாம அழுதா."

"ரொம்பக் கோவமா இருக்காளா?"

"கோவப்பட்டு என்ன ஆவப்போவுது மச்சான். நடக்கறது நடந்துதான் தீரும்."

இவ்வளவு பெருந்தன்மையை யூஜின் எதிர்பார்க்கவில்லை. நெகிழ்ந்துபோய், ஸ்கூட்டர்காரரான மச்சானுக்கும் ஒரு நல்ல வார்த்தை சொல்ல நினைத்தான்.

"உங்களுக்கு இப்ப தேவைப்படாது மச்சான். ஆனா வயசு ஏறுனா எல்லாரும் கடைசில இதுக்குத்தான் வந்தாவணும்."

ஜோசப் ஆனந்த் விம்மி அழ ஆரம்பித்தார். வாத்தியாருக்குள் இப்படி ஒரு பைக் ஆசை இருந்தது யூஜினுக்கு இத்தனை நாள் தெரியாது.

சாயங்காலம் பெர்னதெத் அவன் எதிரில் வந்து உட்கார்ந்தாள்.

"மாடில நீங்க பேசினதக் கேட்டேன்."

யூஜின் கண்ணை மூடிக்கொண்டான்.

"டாக்டரு என்ன சொன்னாரு? மறைக்காம சொல்லுங்க."

"இப்படியே ஓட்டுனா இன்னும் ஆறு மாசம்னாரு."

அவள் நாற்காலியின் கையை இறுகப் பிடித்தாள். "வேற டாக்டர்கிட்ட போவலாமே?"

"ரெண்டு பேரையும் பாத்தாச்சு. மருந்துல சரியாகாதாம். எம் மனசும் அதுக்குத் தயாராயிடுச்சு பெர்னா. வலி இல்லாம போனா போதும்னு இருக்கு."

"அதுக்காக நீங்களேவா குருசு பாத்து வைப்பீங்க? நான் ஒருத்தி இருக்கேன் இல்ல?"

யூஜின் ஒரு கண்ணைத் திறந்தான்.

"ஆசைப்பட்டுட்டீங்க. நானே என் கையால செஞ்சு தரேன். இதுகூட செய்யலன்னா நான் என்ன பொண்டாட்டி? கறுப்புதானே புடிக்கும்?"

"ஆமா. பளபளன்னு இருக்கணும்."

"பேரு?"

"எம் பேருலதான்" என்றவன், இப்படிப்பட்டவளை விட்டுவிட்டுத் தன் பெயரை மட்டும் சொல்வது நியாயமில்லை என்று நினைத்தான். "ரெண்டு பேரு பேரும் இருக்கட்டும் பெர்னா. எனக்குப் பின்னாடி உனக்கும் எடம் இருக்கு. ஒண்ணாவே போவலாம்."

அவள் அவன் மடியில் முகத்தை வைத்து அழுத அழுகையில் வேட்டி நனைந்துவிட்டது. யூஜின் அவள் தலையைத் தடவிக்கொடுத்தான். இப்பேர்ப்பட்ட மனைவியைச் சந்தேகப்பட்டோமே என்று அவனுக்கும் கண் கலங்கியது.

மறுநாள் பக்கிரிக்குப் போன் செய்து வேண்டாம் என்றான்.

"இன்னா சார் நீங்க? கடலூர்ல ஒரு வண்டிய பேசி முடிச்சுட்டேன்."

"வேற யாருக்காவது குடுத்துடு பக்கிரி. எனக்கு வீட்டுலயே செஞ்சு தராங்க."

"குடுத்து வச்ச மனுசன் சார் நீங்க" என்றான் பக்கிரி. அன்றைக்கே கடலூர் வண்டியை வேறொருவர் ஓட்டிக்கொண்டு போனார்.

புதுசு வரப்போகிறதே என்று பழையதையும் யூஜின் அலுவலகத்து இளைஞன் வெற்றிச்செல்வனுக்கு விற்றான். ரேஸ் பைக்கோடு ஹெல்மெட், கையுறை, தோல் ஜாக்கெட் எல்லாவற்றையும் சும்மாவே கொடுத்தான். வண்டி தெருமுனையில் சிலுவை நட்ட குருசடியைத் தாண்டி மறையும்வரை பெர்னதெத் வாசலில் நின்று பார்த்தாள்.

"அது மேல உசுரையே வச்சிருந்தீங்களே. எப்படிங்க குடுக்க மனசு வந்துச்சு?"

"போற எடத்துக்கு இதெல்லாம் எதுக்கு?" என்றான் யூஜின் உற்சாகமாக. அவள் வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே ஓடினாள்.

ஒன்றுதான் அவனை அரித்தது. எங்கே சொல்லியிருக்கிறாள்? கேட்டதற்கு, "உப்பளத்துல சொல்லியிருக்கேன்" என்றாள். உப்பளத்தில் கல்லறைத் தோட்டம் தெரியும், ஷோரூம் எப்போது திறந்தார்கள் என்று அவனுக்குப் புரியவில்லை. துருவிக் கேட்டு, கனிந்து வந்த அவள் மனசைக் கெடுத்துக்கொள்ளவும் பயமாக இருந்தது. தினமும் காலாப்பட்டுக்குப் பஸ்ஸில் நின்றுகொண்டே போனான். வேறு ஏதாவது மட்டமான வண்டியைத் தலையில் கட்டிவிடுவார்களோ, ஸ்கூட்டரையே கறுப்பில் வாங்கி நிறுத்திவிடுவாளோ என்று கவலைப்பட்டே இளைத்தான். அவன் இளைப்பதைப் பார்த்துப் பெர்னதெத்தும் இளைத்தாள். ஜோசப் ஆனந்த் லீவை நீட்டித்தார்.

வெள்ளிக்கிழமை பங்குச் சாமியார் வீட்டுக்கே வந்தார். சத்தியத்தை மீறியதைக் கேட்கப்போகிறார் என்று யூஜின் எழுந்து கையைக் கட்டிக்கொண்டான். அவரோ அவன் தலையில் கை வைத்தார்.

"பயமா இருக்கா யூஜின்?"

"முதல்ல இருந்துச்சு சாமி. இப்ப இல்ல. எப்ப வரும்னுதான் காத்துக்கினு இருக்கேன்."

சாமியார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "இந்த மனசு எல்லாருக்கும் வராது. நாளைக்கு வந்துடும்னு பெர்னதெத் சொன்னா. நானே வந்து மந்திரிச்சுத் தரேன்."

யூஜினுக்கு மூச்சு வந்தது. சாமியாரே தண்ணீர் தெளித்து மந்திரித்துக் கொடுத்த வண்டி என்றால், அதற்கு மேல் அதை வாசலை விட்டு இறக்க யாரால் முடியும்?

சனிக்கிழமை காலை இஸ்திரி போட்ட சட்டை, ஷூ, கறுப்புக் கண்ணாடி சகிதம் யூஜின் வாசலில் நின்றான். கையில் சாமந்தி மாலை. பக்கத்தில் சாமியார், தீர்த்தச் செம்போடு. பின்னால் பெர்னதெத், ஜோசப் ஆனந்த், எதற்கென்று சொல்லாமலே கண்ணைத் துடைத்துக்கொள்ளும் அக்கம்பக்கத்தார்.

ஒரு மினி லாரி சந்துக்குள் பின்பக்கமாக வந்து நின்றது. தார்ப்பாய்க்குக் கீழே ஏதோ நீளமாகப் படுத்திருந்தது. வண்டியை யாராவது படுக்க வைத்துக் கொண்டுவருவார்களா, டாங்க் கீறினால் என்ன ஆவது என்று யூஜின் பதறி முன்னால் ஓடினான்.

டிரைவருக்குப் பக்கத்திலிருந்து, உடம்பெல்லாம் வெள்ளைத் தூசியாக ஓர் ஆள் இறங்கினான். அம்மாவாசை என்று அவனைப் பெர்னதெத் பெயர் சொல்லி அழைத்து, மெதுவாகத் திறக்கச் சொன்னாள். அவன் தார்ப்பாயை உருவினான். வெயிலில் கறுப்பாக, பளபளவென்று, கண்ணைப் பறித்தது. யூஜின் மாலையைத் தூக்கிப் பிடித்தபடி சக்கரத்தைத் தேடினான். சுற்றி வந்தும் தேடினான்.

அம்மாவாசை தோள்துண்டால் கல்லின் மேலிருந்த தூசியைத் தட்டிவிட்டு, அவனைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டான்.

"நீங்க ஆசைப்பட்ட மாதிரியே கறுப்புக் குருசு சார், ரெண்டு பேரு பேரையும் வெட்டிட்டேன், தேதிக்கு மட்டும் எடம் வுட்டிருக்கேன், அவசரமில்ல, எப்ப தோதுப்படுதோ அப்ப சொல்லி அனுப்புங்க."