ஐந்தாவது எலுமிச்சம்பழம்

சாமி பக்தி இருக்க வேண்டியதுதான். ஆனால் அதை எங்கே வைக்கிறோம் என்பதில் கொஞ்சம் கவனம் வேண்டும். நான் ஒருமுறை சைலன்சருக்குள் வைத்துவிட்டேன்.

2005ஆம் வருடம். மரக்காணத்து உப்புக்காற்றில் புது ஆணியே துருப்பிடித்துப் போகும். அந்த ஊருக்கு ஒரு பழைய அம்பாசிடரை வாங்கி வந்த புத்திசாலி நான். கால் வைக்கும் இடத்தில் தகரம் ஓட்டையாகி, கீழே ரோடு ஓடுவது தெரியும். ("கால் எட்டுதே, நடந்தே போயிடலாங்க" என்றாள் என் மனைவி.) பின்னால் வருகிற சைக்கிள்காரர்கள் புகையில் கறுத்து, என் பரம்பரையையே வாழ்த்துவார்கள்.

கோட்டக்குப்பத்து மெக்கானிக் பாய் தகரத்தை மாற்றி, சிவப்பு ரெக்சின் சீட்டு போட்டு, இன்ஜினையும் பிரித்துப் புதிதாக்கினார். எனக்கோ வண்டி உறும வேண்டும் என்று ஆசை.

"சைலன்சர வெட்டி விட்டா கும்முனு கேக்கும்ல பாய்?"

"கேக்கும்ணே. அப்புறம் புகை செக்கிங்ல ஒக்கார வெச்சிடுவான். நான் முடிச்ச வண்டியில கைய வெச்சீங்க, நான் பொறுப்பில்ல."

கை வைக்கவில்லை. பழம்தான் வைத்தேன்.

மறுநாள் என் அக்கா மகனுக்கு மாப்பிள்ளை அழைப்பு. பெண் வீடு புதுச்சேரி. புகைச் சான்று இல்லாமல் போனால் செக்போஸ்ட்டில் மாப்பிள்ளையோடு மடக்கிவிடுவார்கள். அக்காவோ காரைப் பற்றி ஊரெல்லாம் சொல்லி வைத்திருந்தாள்.

"டேய், சர்டிபிகேட் இல்லாம வந்தே, எம்புள்ள உப்பு லாரியிலதான் போவணும். மூஞ்ச எங்கடா வெச்சுக்குவேன்?"

புகைச் சோதனைக்காகத் திண்டிவனத்துக்குக் கிளம்பும்போது மனைவி அம்மன் கோயில் எலுமிச்சம்பழம் ஐந்து கொண்டு வந்தாள். எல்லாவற்றிலும் அப்பிய குங்குமம்.

"நாலு சக்கரத்துக்கு நாலு. அஞ்சாவது, உங்களுக்கு எங்க பயமோ அங்க வெச்சிடுங்க."

சோதனை செய்யும் இடத்தில் எனக்கு முன்னால் நின்ற வேன் ஃபெயில். வண்டியை அணைத்துவிட்டு யோசித்தேன். எனக்குப் பயம் எங்கே? பின்னால் புகை வரும் இடத்தில்தானே! யாரும் பார்க்காதபோது, "தாயே" என்று பழத்தைச் சைலன்சர் வாயில் வைத்து அழுத்தினேன். அளவெடுத்துச் செய்தது மாதிரி உட்கார்ந்தது.

வெள்ளைச் சட்டை போட்ட சோதனைக்காரர் குழாயோடு பின்பக்கம் வந்தார்.

"ஸ்டார்ட் பண்ணி நல்லா மிதிங்க."

பக்தியோடு மிதித்தேன்.

டொப்!

கண்ணாடியில் பார்த்தால் மனிதர் தரையில் உட்கார்ந்திருக்கிறார். நெஞ்சில் சிவப்பு!

"ஐயோ, சுட்டுட்டான்யா!" என்று அலறினார் வேன்காரர்.

சோதனைக்காரரும் நெஞ்சைக் குனிந்து பார்த்துவிட்டு, "வூட்டுக்குச் சொல்லி அனுப்புங்க" என்று கண்ணை மூடிக்கொண்டார். டீக்கடைக்காரர்தான் உருண்டு வந்ததை எடுத்து முகர்ந்து பார்த்தார்.

"சார், எழுந்திருங்க சார். எலுமிச்சம்பழம்."

நான் ஓடிப்போய் சோதனைக்காரர் காலில் விழுந்தேன். அவர் சட்டையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"எந்தக் கோயிலு?"

"எங்க ஊரு அம்மன் சார்."

சட்டையிலிருந்த குங்குமத்தைத் தொட்டு நெற்றியில் வைத்துக்கொண்டார். "தள்ளுங்க, குழாய விடணும்."

பாஸ்!

மாப்பிள்ளை சிவப்பு ரெக்சினில் ராஜா மாதிரி போனார். "என் வேலைக்குத்தான் பாஸு" என்கிறார் பாய். "உள்ள இருந்த புகையெல்லாம் அந்தப் பழந்தான் இழுத்துக்கிட்டுப் போச்சு" என்கிறாள் என் மனைவி. இன்றுவரை இருவரும் விட்டுக்கொடுக்கவில்லை. (நான் வீட்டில் சாப்பிடுகிறவன், மனைவி கட்சி.)

இப்போதும் எங்கள் குடும்பத்தில் யார் புது வண்டிக்குப் பூஜை போட்டாலும் என் கையில் நாலு பழம்தான் தருவார்கள். ஐந்தாவதை, வண்டி தெருமுனை திரும்பும்வரை அக்கா தன் முந்தானையில் முடிந்து வைத்திருப்பாள்.