வருஷத்துக்கு எத்தனை சாவு

மாமியாரைப் போட்டுவிடலாம். அதில் தப்பில்லை. எண்பதைத் தொடப் போகிறாள், சர்க்கரையும் இருக்கிறது. பெரிய மாமாவையும் போட்டாக வேண்டும். ஆனால் அம்மா? அம்மாவைப் போடாமல் விட்டால் செலவு குறையும். போட்டால் மனசு ஆறாது. போடாமல் விட்டு, போய்ச் சேர்ந்துவிட்டால்?

கம்பெனி பஸ் மண்ணூரில் கிளம்பி ஒரகடம் கூட்டுரோடு வந்து நிற்பதற்குள் இசக்கிசெல்வி தன் சொந்தக்காரர்களை ஒவ்வொருவராகச் சாகடித்துப் பார்த்துவிட்டாள். யாரும் கட்டுப்படியாகவில்லை.

இந்தக் கணக்கைப் போடச் சொன்னது ஹெச்.ஆர். சந்திரலேகா மேடம்தான். செல்வி வேலை பார்ப்பது காருக்கு வயரிங் கட்டும் கம்பெனியில். கான்ட்ராக்டில் சேர்ந்து, பெர்மனென்ட் ஆகி, இப்போது ஒரு லைனுக்கே லீடர். போன மாதம் பழைய பெர்மனென்ட் ஆட்கள் சிலரை மட்டும் கூப்பிட்டு ஆர்டர் கொடுத்தார்கள். உத்தரப் பிரதேசத்தில் பைரம்பூர் என்ற ஊரில் கம்பெனியின் புது ஃபேக்டரி. அங்கே போக வேண்டும். போக முடியாதென்றால் 'எனக்கு விருப்பமில்லை, விலகிக்கொள்கிறேன்' என்று அச்சடித்து வைத்திருக்கும் தாளில் கையெழுத்துப் போட வேண்டும். மூன்றாவது வழி கிடையாது.

"நான் உங்கள அவசரப்படுத்தவே மாட்டேன் செல்வி," என்றாள் சந்திரலேகா. செல்வியைவிடப் பத்து வயது சின்னவள், பேச்சில் மட்டும் பெரியவள். "அங்க போனா செலவு என்ன ஆகும்னு முதல்ல பாருங்க. வீட்டு வாடகை. குளிர் காலத்துக்குக் கம்பளி, ஹீட்டர். கரண்டு போனா இன்வெர்ட்டர். பையனுக்கு ஹிந்தி டியூஷன். அப்புறம் ஊருக்கு வந்து போற செலவு. வருஷத்துக்கு ரெண்டு சாவு, ஒரு கல்யாணம் போட்டுக்கோங்க."

"ரெண்டு சாவா மேடம்?"

"உங்க குடும்பம் பெரிசா?"

"பெரிசுதான் மேடம்."

"அப்போ மூணு."

இத்தனை வருஷத்தில் இந்தக் கம்பெனியில் ஒருவர்கூடச் செல்வியிடம் 'சாப்பிட்டியா' என்று கேட்டதில்லை. இந்தப் பெண் அவள் வீட்டுச் சாவைக்கூட நினைத்துப் பார்க்கிறாளே! பக்கத்து லைன் பூமாரிக்குக் கணக்கில் நாலு சாவு வந்ததாம். அவள் அழுதுகொண்டே கையெழுத்துப் போட்டுவிட்டுப் போய்விட்டாள்.

செல்வியின் புருஷன் நம்பிராஜன், சிங்கப்பெருமாள் கோவில் ஸ்டேஷனிலிருந்து ஃபேக்டரிகளுக்கு ஷேர் ஆட்டோ ஓட்டுகிறவன். சாயங்காலம் வந்ததும் அதே கேள்வி.

"என்னளா, முடிவு பண்ணிட்டியா?"

"சாவுலதான் நிக்கேன்."

"எங்கம்மையப் போட்டியா?"

"போட்டுட்டேன்."

"உங்கம்மைய?"

அவள் அடுப்பில் எதையோ கிளறினாள்.

"அதான பாத்தேன்," என்றான் நம்பிராஜன்.

"சரி, நீங்க சொல்லுங்க. போவமா, வேண்டாமா?"

"அங்க வந்து நான் என்ன செய்ய? ஆட்டோ ஓட்டுனா, எந்த வழியா போவணும்னு ஏறுனவன்ட்டதான் கேக்கணும்."

"அப்பம் வேண்டாம்னு எழுதிக் குடுத்துரட்டா?"

"எழுதிக் குடுத்தா வீட்டு வாடகை ஆரு குடுப்பா?"

"அப்பம் போவம்."

"போனா நான் என்ன செய்ய?"

பேச்சு இப்படியே சுற்றி வந்து தொடங்கிய இடத்தில் நின்றது. நம்பிராஜன் தலையைச் சொறிந்தான். கல்யாணமான நாளிலிருந்து எந்தப் பெரிய கேள்விக்கும் அவன் சொல்லும் பதில் அதுதான். செல்வி அவனைக் குறை சொல்லவில்லை. தன் தலைக்குள்ளும் அதே சொறிதல்தான் நடக்கிறது, வெளியே தெரியவில்லை, அவ்வளவே. இந்த வேலை போனால் வேறு வேலை கிடைக்காமல் போகாது. மறுபடி கான்ட்ராக்டில், சின்னப் பிள்ளைகளோடு வரிசையில் நின்று, 'புதுசா வந்த ஆயா' என்று பேர் வாங்கி முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். அதை நினைத்தாலே கால் வலித்தது.

சந்திரலேகா சொன்ன செலவு உண்மைதானா என்று பார்க்க ஒரு வழி இருந்தது. செல்வியின் லைனில் முன்னா என்று ஒரு பையன். பைரம்பூருக்குப் பக்கத்து ஊர்க்காரன். நாலு பேரோடு அடுத்த தெருவில் ரூம் எடுத்திருந்தான். தமிழை மண்ணூர் டீக்கடையில் பொறுக்கி எடுத்தவன்.

"முன்னா, உங்க ஊர்ல கோதுமை மாவு கிலோ என்ன விலைப்பா?"

"தெரியாது அக்கா. நம்ம கோதுமை வூட்லயே கீது. நம்ம அம்மாவ கேக்கறேன், இரு."

அம்மா போனில் வந்தாள். ஸ்பீக்கரில் போட்டான். செல்வி ஒவ்வொன்றாகக் கேட்டாள், முன்னா இந்தியில் சொன்னான். வீட்டில் எத்தனை ரூம்? தண்ணீர் குழாயா, அடிபம்ப்பா? கக்கூஸ் வீட்டுக்குள்ளேயேவா? பால் விலைக்கு வாங்கணுமா, சொந்த மாடா? கரண்டு நிற்குமா? கடைத்தெரு எவ்வளவு தூரம்? ஒவ்வொரு கேள்விக்கும் அந்தக் குரலில் உற்சாகம் ஏறிக்கொண்டே போனது. கடைசியில் மூச்சுவிடாமல் நீளமாக ஏதோ பேசினாள். முன்னாவின் காது சிவந்தது.

"என்னப்பா சொல்லுதாங்க?"

"இவ்ளோ நல்லா விசாரிக்கிற பொண்ணு வூட்டுக்காரங்கள அம்மா பாத்ததே இல்லயாம்."

"எந்தப் பொண்ணு வீடு?"

முன்னா தரையைப் பார்த்தான். "அம்மா சம்மதம் சொல்லிட்டாங்க அக்கா."

செல்விக்கு அப்போதுதான் உறைத்தது. அவளுக்கு மாப்பிள்ளை பார்க்கப் போன சித்தப்பா நம்பிராஜன் வீட்டில் கேட்ட கேள்விகள் இவைதான். வரிசைகூட மாறவில்லை. வாடகைக்கு வருகிறவர்கள் சொந்த மாடா என்று கேட்பார்களா? இப்படிக் கேட்டால் எந்த ஊரிலும் ஒரே அர்த்தம்தான்.

"ஐயையோ, எனக்குக் கல்யாணம் ஆயிட்டுன்னு சொல்லு. பத்து வயசுல நிலவன்னு ஒரு பையன் இருக்கான்னு சொல்லு."

சொன்னான். மறுமுனையில் யாரோடோ ஆலோசனை நடந்தது.

"அப்போ தங்கச்சிக்குதான் பாக்கறீங்களாம். அக்காவே முன்ன வந்து விசாரிக்குது, ரொம்ப மரியாதையான ஃபேமிலியாம்."

"எனக்குத் தங்கச்சியே கெடையாது!"

அதையும் சொன்னான். அந்தப் பக்கக் குரல் தணிந்து, ஆறுதல் போல ஏதோ சொன்னது.

"பொண்ண ஏன் ஒளிக்கறீங்கன்னு கேக்கறாங்க. ரொம்ப படிச்ச பொண்ணா? படிச்சிருந்தா கூட பரவால்ல, சொல்லுங்கன்றாங்க."

ஆம்பளை பேசினால் தெளிந்துவிடும் என்று மறுநாள் நம்பிராஜனைக் கூட்டிப்போனாள். அவன் மீசையைத் தடவிக்கொண்டு போனை வாங்கினான். அவனுக்குத் தெரிந்த இந்தி ஒரே சொல்.

"அச்சா," என்றான். அங்கிருந்து ஒரு கேள்வி வந்தது. "அச்சா." இன்னொன்று வந்தது. "அச்சா, அச்சா." கடைசியில் அந்தப் பக்கம் பல பெண்கள் சேர்ந்து சிரிக்கிற சத்தம் கேட்டது.

முன்னா தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டான்.

"என்னத்துக்குங்க அத்தனை அச்சா?" என்றாள் செல்வி.

"மரியாதைக்குச் சொன்னேம்ளா. பெரிய மனுசி பேசும்போது சும்மாவா நிப்பாக?"

"கோதுமை அறுப்பு முடிஞ்சி கல்யாணம்," என்றான் முன்னா. "அண்ணன்தான் பொண்ணோட மாமான்னு அம்மா நெனச்சிட்டாங்க. வேற ஒண்ணும் வேணாமாம். பைக் மட்டும். அண்ணன் அதுக்கும் அச்சா சொல்லிட்டாரு."

செல்வி புருஷனைத் திரும்பிப் பார்த்தாள். 'வேற ஒண்ணும் வேண்டாம், பைக் மட்டும்' என்று அவன் வீட்டிலும் ஒரு காலத்தில் சொல்லியிருந்தார்கள். நம்பிராஜன் ஆட்டோவின் டயரை அக்கறையாகக் குனிந்து பார்த்தான்.

"பேசி சரி பண்றேன் அக்கா," என்றான் முன்னா. "ஆனா அம்மா ஒண்ணு சொன்னாங்க. கல்யாணம் நடக்குதோ இல்லயோ, நீங்க அங்க வந்தா முன் ரூம் உங்களுக்கு. வாடகை வேணாம். சொந்தக்காரங்ககிட்ட வாடகை வாங்குவாங்களான்றாங்க."

அன்று அரிசி களையும்போது செல்வி அந்த முன் ரூமையே நினைத்துக்கொண்டிருந்தாள். ஆர்டர் வந்த நாளிலிருந்து எல்லாரும் அவள் தலையில் எதையாவது ஏற்றிக்கொண்டேதான் இருந்தார்கள். முகம் தெரியாத ஒருத்தி மட்டும் ஒரு ரூமை ஒழித்துக் கொடுக்கிறாள். அதுவும் இல்லாத ஒரு பெண்ணுக்காக. செல்வி மறுபடி மனசுக்குள் கூட்டிப் பார்த்தாள். வாடகை இல்லை. மாவு இல்லை. பால் இல்லை. மாமியார், பெரிய மாமா இரண்டு பேரையும் கணக்கு தாங்கியது. தயங்கித் தயங்கி அம்மாவையும் போட்டாள். அம்மாவையும் தாங்கியது.

அப்போதுதான் அவளுக்கு அழுகை வந்தது. தாங்காது என்கிற வரைக்கும் அம்மா பத்திரமாக இருந்தாள்.

மறுநாள் ஹெச்.ஆர். ரூமில் போய் நின்றாள்.

"மேடம், செலவு கட்டுப்படியாயிருச்சு."

சந்திரலேகாவின் சிரிப்பு முகத்திலேயே இருந்தது, ஆனால் அது வேறு யாருடையதோ போல ஆகிவிட்டது.

"எப்படி? வாடகை?"

"இல்ல மேடம். முன்னா வீட்ல தங்கிக்கலாம்."

"இன்வெர்ட்டர்?"

"அவங்க வீட்ல இருக்காம்."

"ஹிந்தி டியூஷன்?"

"அந்தம்மா வீட்ல பேசப் பேச வந்துரும்னு சொன்னாங்க."

"சாவு?"

"அம்மாவையும் சேத்துப் போட்டுட்டேன் மேடம்."

சந்திரலேகா நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டாள். "செல்வி, தங்கச்சி மாதிரி சொல்றேன். முன்னப் பின்ன தெரியாதவங்க வீட்ல சும்மா எத்தன நாள் இருப்பீங்க? ஒரு மாசத்துல முகம் மாறிடும். அப்புறம் பையனையும் கூட்டிக்கிட்டு நடுத்தெருவுல நிப்பீங்க."

அது உண்மைதான் என்று செல்விக்குத் தோன்றியது. கல்யாணமே இல்லை என்று தெரிந்த பிறகு எந்த அம்மா ரூம் கொடுப்பாள்? ஒரு பொய்யின் மேல் பாயை விரித்து எத்தனை நாள் படுக்க முடியும்? சட்டென்று எல்லாமே களைப்பாக இருந்தது. கூட்டுகிறதும் கழிக்கிறதும், இருக்கிறவர்களைச் சாகடிக்கிறதும். முடித்துவிட்டால் போதும்.

"எனக்கு ஹிந்தி தெரியும். அந்தப் பையனக் கூப்பிடுங்க, எத்தன நாள் ரூம் தருவாங்கன்னு உங்க முன்னாடியே நான் கேக்கறேன்," என்றாள் சந்திரலேகா. தாளை எடுத்துச் செல்வியின் முன்னால் வைத்தாள். பேனாவின் மூடியைத் திறந்து அவளே கையில் கொடுத்தாள். "அவங்க வாயாலயே கேட்டுட்டீங்கன்னா நிம்மதியாக் கையெழுத்துப் போடலாம். சரியா?"

"சரி மேடம்," என்றாள் செல்வி. நிஜமாகவே அப்படித்தான் நினைத்தாள்.

முன்னா வந்தான். அம்மாவைக் கூப்பிட்டு, ஸ்பீக்கரில் போட்டு, கையில் பிடித்துக்கொண்டு நின்றான். சந்திரலேகா சுத்தமான இந்தியில் வணக்கம் சொல்லி, தன் பெயரைச் சொன்னாள். மறுமுனையில் ஒரு ஆனந்தக் கூச்சல்.

"என்னவாம்?" என்றாள் செல்வி.

முன்னா குரலைத் தாழ்த்தினான். "பொண்ணு இவ்ளோ அழகா ஹிந்தி பேசுதே, இத ஏன் இத்தினி நாள் ஒளிச்சீங்கன்றாங்க."

சந்திரலேகாவின் முகம் சிவந்தது. இந்தியில் படபடவென்று மறுத்தாள். அங்கே சிரித்தார்கள். வெட்கப்படுகிறாள் என்று நினைத்துவிட்டார்கள் போல. இவள் குரலை உயர்த்தினாள். ஃபேக்டரி, பைரம்பூர் என்ற இரண்டு சொல் மட்டும் செல்விக்குப் புரிந்தது.

அந்தப் பக்கம் சிரிப்பு நின்றது. பிறகு அந்த அம்மா நிதானமாக, ஒரு கேள்வி போல, ஏதோ சொன்னாள்.

"போதும், கட் பண்ணுப்பா," என்றாள் சந்திரலேகா. "டிரான்ஸ்லேட் எல்லாம் பண்ண வேணாம். நீ லைனுக்குப் போ."

"என்ன சொன்னாங்க முன்னா?" என்றாள் செல்வி.

முன்னா மேடத்தைப் பார்த்தான். அக்காவைப் பார்த்தான். அவனுக்கு வேலை சொல்லிக் கொடுத்தது அக்காதான்.

"எந்த ஃபேக்டரின்னு கேக்கறாங்க அக்கா. பைரம்பூர்ல காம்பவுண்டு செவரும் கேட்டும்தான் கீதாம். உள்ள ஒண்ணும் இல்லயாம், ஊரு ஆடு மேயுதாம். ஃபேக்டரி இருந்தா எம்புள்ளைய ஏம்மா அவ்ளோ தூரம் அனுப்பறேன்னு கேக்கறாங்க."

சந்திரலேகா தாளை இன்னும் கொஞ்சம் செல்வியின் பக்கம் நகர்த்தினாள்.

"அது… கட்டிட்டுதான் இருக்காங்க," என்றாள் சந்திரலேகா. குரலில் இப்போது தங்கச்சியைக் காணோம். "அதெல்லாம் உங்களுக்கு எதுக்கு? கையெழுத்தப் போடுங்க செல்வி."

இசக்கிசெல்வி பேனாவுக்கு மூடி போட்டாள். அதைத் தாளின் மேல் வைத்து, இரண்டையும் சேர்த்து மெதுவாக மேடத்தின் பக்கம் தள்ளினாள்.

"இல்ல மேடம். எனக்குப் போக விருப்பம்தான்."