கர்சர் அண்ணாச்சியும் மூன்றாவது பெஞ்சும்

கம்ப்யூட்டர் திரையில் கண் சிமிட்டும் அந்தச் சின்னக் கோட்டைச் சொன்ன இடத்தில் கொண்டுபோய் நிறுத்த, ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் இரண்டு ஊரிலும் கர்சர் அண்ணாச்சியை விட்டால் ஆளில்லை. எதிர்த்துப் பேச விஷயம் தெரிந்தவர்களும் இல்லை.

நான் குமாஸ்தாவாக இருந்த பேண்டேஜ் துணி மில்லுக்கு அவர் சி மொழியில் ஒரு புரோகிராம் எழுதியிருந்தார். வெறும் கறுப்புத் திரை, அதுதான் தறிக்கூடம். எந்தத் தறி நின்றாலும் அதன் இடத்தில் ஒரு நட்சத்திரம் மின்னும். இடப்பக்கமிருந்து எத்தனை, மேலிருந்து எத்தனை என்று இரண்டு எண் கொடுத்தால் கர்சர் அங்கே போய் நிற்கும்.

அண்ணாச்சி வாழ்க்கையையும் அப்படியே நடத்தினார். வீட்டில் உப்பு எங்கே என்றால், “ரெண்டு, நாலு” என்பார்.

“அலமாரியிலன்னு சொன்னா வாய் சுளுக்கிக்கிருமாக்கும்?” என்பார் மதினி.

ஒருநாள் மில்லின் பழைய கம்ப்யூட்டர் உயிரை விட்டது. புதியதில் புரோகிராமை ஏற்றிய மறுநாள் காலையே ஃபிட்டர் வந்து நின்றார்.

“அண்ணாச்சி, ஒம்ம நட்சத்திரம் காட்டுன தறி ஜம்முனு ஓடுது. நின்ன தறி அங்கிட்டு மூலையில கெடக்கு!”

முதலாளி ஒரே வரியில் முடித்தார்: “சாயங்காலத்துக்குள்ள சரியாகலேன்னா மெட்ராஸ் சாஃப்ட்வேரை வாங்கிப் போட்ருவேன்.”

அண்ணாச்சி முகம் சுண்டிப்போனது. மதியம்வரை தேடியும் தப்பு அகப்படவில்லை. “நீ கேன்டீன்ல எடம் புடி. மூணு, அஞ்சு. செத்த நேரத்துல வாரேன்” என்றார்.

பசி வந்தால் என் மூளை முன்கூட்டியே சாப்பிடப் போய்விடும். மூன்றாவது பெஞ்சில் ஐந்தாவது இடத்தில் உட்கார்ந்தேன். அவர் கணக்கில் அது ஐந்தாவது பெஞ்சில் மூன்றாவது இடம்; அங்கே என்னைத் தேடிவிட்டு வந்தார்.

“ஏலே, இங்க என்ன பண்ணுத?”

“நீங்கதான மூணு, அஞ்சுன்னீங்க? மூணாவது பெஞ்சு, அஞ்சாவது எடம்.”

திட்டத் திறந்த வாய் திறந்தபடியே நின்றது.

“ஏலே! புதுக் கம்ப்யூட்டரும் ஒன்னை மாதிரிதாம்லே! வரிசைய மொதல்ல எண்ணுது!”

சாம்பார் சாதத்தை விட்டுவிட்டு ஓடினார். புரோகிராமில் பெரிதாக வேறு எதையும் தொடவில்லை. இரண்டு எண்களையும் முன்பின்னாக மாற்றிக் கொடுக்க மூன்றே வரியில் ஒரு ஃபங்ஷன் எழுதினார், அவ்வளவுதான். ஃபங்ஷன் என்றால் வேலை வரும்போதெல்லாம் புரோகிராம் பெயர் சொல்லிக் கூப்பிடும் எடுபிடி மாதிரி. மூன்று மணிக்கு நட்சத்திரம், நின்றுபோன தறியின் தலைமேல் கச்சிதமாக உட்கார்ந்தது.

முதலாளி பார்த்தார். “ம், ஓடட்டும்” என்றார். எங்கள் மில்லில் அதற்குமேல் விருது கிடையாது.

பிறகு ஒருநாள் அந்த மூன்று வரியை எட்டிப் பார்த்தேன். ஃபங்ஷனுக்கு என் பெயரை வைத்திருந்தார். அந்தப் புரோகிராம் இன்றும் ஓடுகிறது. எந்தத் தறி நின்றாலும் அது முதலில் என்னைத்தான் கூப்பிடுகிறது.