தேர் நாளன்று காணாமல்போன புட்டுக்குழல்

எனக்குக் கைவேலை வராது. இதை ஒப்புக்கொள்ள எனக்கு நாற்பத்தாறு வயதாக வேண்டியிருந்தது. என் மனைவி வசந்திக்குக் கலியாணமான மூன்றாம் நாளே தெரிந்துவிட்டது.

நாங்கள் இருப்பது பாரிஸில், ரூ பஜோல் தெருவில், மூன்றாம் மாடியில். பிள்ளையார் கோயில் கூப்பிடுதூரம் என்பதால், ஒவ்வொரு தேருக்கும் லண்டனிலிருந்து வசந்தியின் தமையன் சிவா மச்சான் குடும்பத்தோடு எங்கள் வீட்டில்தான் வந்து இறங்குவார். (ஏழு பேர். குளியலறை ஒன்று.) விடிய எழும்பி முழுகிவிட்டுத்தான் எல்லாரும் தேருக்குப் போவது.

அந்த வருஷம் பார்த்துப் பழைய சுடுதண்ணிக் காஸ் பொய்லர் மண்டையைப் போட்டது. தேருக்கு முதல்நாள் சனிக்கிழமை, யூட் அண்ணை வந்து குசினி மூலை அலுமாரிக்குள் புதியதைப் பூட்டினார். மன்னார்க்காரர், குழாய் வேலை பார்க்கும் கைராசியான பிளோம்பியே. புதிய பொய்லருக்கு இரண்டு குழாய்கள். ஒன்று புகையை வெளியே தள்ளும், மற்றது சுவர்த் துளை வழியாக வெளிக்காற்றை உள்ளே இழுக்கும். இந்தக் காற்றுக் குழாயில் ஒரு துண்டு குறைந்துவிட்டது.

"துண்டு ஆர்ஜொந்தெயில என்ர வீட்டை கிடக்கு. நாளைக்குச் சேர்ச்சில பூசை முடியக் கொண்டுவந்து பூட்டுறன். அதுவரைக்கும் ஒண்டையும் தொடாதேங்கோ தம்பி" என்றார் யூட் அண்ணை.

பூசை முடிய என்றால் மத்தியானம். ஏழு பேர் விடிய எப்படி முழுகுவது? அவர் போனபின் அலுமாரியைத் திறந்து வைத்துக்கொண்டு நாடியைத் தடவினேன். அப்போதுதான் வந்திறங்கியிருந்த மச்சான் எட்டிப் பார்த்தார்.

"உமக்கு ஏன் உந்த வேலை? நீர் பல்ப் மாத்தவே ஆள் கூப்பிடுற ஆளெல்லோ?"

எனக்குச் சுர்ரென்று ஏறியது. மச்சானுக்கு முன்னால் நானும் ஒரு ஆம்பிளை என்று காட்டியே ஆகவேண்டும். புகைக் குழாயில் கைவைக்கப் பயம். ஆனால் மற்றது வெறும் காற்றுத்தானே! காற்று வருவதற்கும் ஒரு பிளோம்பியே வேண்டுமா?

பாத்திரத் தட்டில் வசந்தியின் எவர்சில்வர் புட்டுக்குழல் கவிழ்ந்து கிடந்தது. எடுத்து இடைவெளியில் வைத்துப் பார்த்தேன். அளவெடுத்துச் செய்ததுபோல் போய் இருந்தது. வெள்ளி டேப்பைச் சுற்றோ சுற்றென்று சுற்றி ஒட்டினேன். குழலின் அடியில் இருக்கும் ஓட்டைத் தட்டை மட்டும் கழற்றவில்லை. புறாவும் பூச்சியும் உள்ளே வராதாம். (யூட் அண்ணைக்கே தோன்றாத யோசனை என்று மனதுக்குள் முதுகில் தட்டிக்கொண்டேன்.) அலுமாரியைச் சாத்திவிட்டு, "சுடுதண்ணி ரெடி!" என்று அறிவித்தேன்.

விடிந்ததும் மச்சான்தான் முதல் ஆளாகத் துவாயோடு குளியலறைக்குள் போனார். "ஐயோ, அம்மா! ஐஸ் தண்ணி!" என்ற சத்தம் கோயில்வரை கேட்டிருக்கும். குசினியில் பொய்லர் டிக் டிக் என்று அடித்துச் சிவப்பு விளக்கைக் காட்டிவிட்டு அடங்கியது.

அதே நேரம் வசந்தி குழைத்த மாவோடு நின்றாள்.

"இஞ்சாருங்கோ, புட்டுக்குழலைக் காணேல்லை. கண்டனீங்களோ?"

"நான் ஏன் அதைத் தொடப்போறன்?" என்றேன்.

வீடே தேடியது. நானும் தேடினேன். கட்டிலுக்குக் கீழே குனிந்துகூடப் பார்த்தேன். "அப்பா தேடுற மாதிரியே தெரியேல்லை" என்பதை என் மகள் பிரெஞ்சில் சொன்னாள். மச்சான் தலையில் சவர்க்கார நுரையோடு, நடுங்கிக்கொண்டே யூட் அண்ணைக்குப் போன் அடித்தார்.

அவர் பூசைக்குப் போட்ட கோட்டுசூட்டோடு வந்தார். கையில் அந்தத் துண்டுக் குழாய். எல்லாரும் பார்த்துக்கொண்டிருக்க அலுமாரியைத் திறந்தார். டேப்பை உரித்துக் குழலை இழுத்தெடுத்து, ஓட்டைத் தட்டு வழியாக ஒற்றைக் கண்ணால் என்னைப் பார்த்தார்.

"தம்பி, இது எந்தக் கொம்பனிச் சாமான்?"

"என்ர கொம்பனி அண்ணை" என்றாள் வசந்தி.

மச்சான் சிரித்த சிரிப்பில் தலை நுரை என் மேல் தெறித்தது. எனக்கு வெட்கத்தில் உயிர் போனது.

"உந்தத் தட்டுக் காத்தை மறிச்சுப்போட்டுது. காத்துக் காணாட்டிப் பொய்லர் நெருப்புப் பத்தாமல் தானே நிண்டிடும். நல்லகாலம்!" என்றபடி யூட் அண்ணை உரிய துண்டைப் பூட்டினார். இந்தமுறை பொய்லர் உறுமிக்கொண்டு பற்றியது. ஆளுக்கு மூன்று நிமிஷம் என்று ஏழு பேரும் முழுகி முடித்தார்கள். குழலை மூன்றுதரம் கழுவி அவித்த முதல் புட்டு யூட் அண்ணைக்கு. காலைப் பூசையை விட்ட மனிதர் இரண்டாந்தரமும் கேட்டு வாங்கிச் சாப்பிட்டுவிட்டு, அடுத்த பூசைக்குப் போனார். நாங்கள் தேர் வெளிக்கிடமுதலே கோயிலடிக்குப் போய்ச் சேர்ந்தோம். அன்று எங்கள் வீட்டில் கேட்ட சிரிப்பை நினைத்தால் இன்றைக்கும் எனக்குச் சந்தோஷம்தான்.

இப்போதும் தேருக்கு வெளிக்கிடமுதல் மச்சான் லண்டனிலிருந்து போன் எடுத்து, சுகம் விசாரிக்காமல், "குழல் எங்கை இருக்கு?" என்றுதான் கேட்பார். அவர் கேட்பதில் நியாயம் உண்டு. நான் ஒரு திருப்புளியைக் கையில் எடுத்தால் போதும், வசந்தி முதலில் ஓடிப்போய்ப் புட்டுக்குழலை எடுத்து நகை அலுமாரிக்குள் வைத்துப் பூட்டிவிடுகிறாள்.